கிராஃப்ட்: ஒரு சொல்லும் நான்கு பொருள்களும்

பள்ளி திறந்ததும் நோட்டுப் புத்தகங்களுக்கு எல்லாம் பழுப்பு நிறத் தாளில் அட்டை போடுகிறீர்கள் அல்லவா? 'பிரவுன் ஷீட்' என்று கேட்டால் கடைக்காரர் சுருட்டி வைத்திருக்கும் தாளிலிருந்து எடுத்துத் தருவார். அந்தத் தாளுக்குக் காகித வணிகத்தில் 'கிராஃப்ட் பேப்பர்' என்று பெயர். கைவினையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒலியில் இதைப் போன்றதே. ஆனால் இரண்டுக்கும் எழுத்து வேறு, பொருளும் வேறு. தாளின் பெயரில் உள்ள 'கிராஃப்ட்' ஜெர்மன், சுவீடிஷ் ஆகிய இரு மொழிகளுக்கும் பொதுவான ஒரு சொல். 'வலிமை' என்பது அதன் பொருள். எளிதில் கிழியாத தாள் ஆதலால் வலிமைத் தாள் என்றே பெயரிட்டு விட்டார்கள்.

இந்தச் சிறிய சொல்லை ஆங்கிலத்தில் பெயர்க்க முயன்றால் ஒரு வேடிக்கை நிகழ்கிறது. சுவீடிஷ்-ஆங்கில அகராதியைப் புரட்டினால் 'கிராஃப்ட்' என்பதற்கு எதிரே ஸ்ட்ரெங்த், ஃபோர்ஸ், பவர், சில இடங்களில் எனர்ஜி என்று வரிசையாகப் பல சொற்கள் நிற்கும். உங்கள் இயற்பியல் பாடநூலைப் பொறுத்தவரை இவை நான்கும் ஒன்றல்ல. முறையே வலிமை, விசை, திறன், ஆற்றல் என்று நான்கு தனித்தனிக் கருத்துகள். ஒன்றை மற்றொன்றாக எழுதினால் மதிப்பெண் போய்விடும். அப்படியிருக்க, சுவீடன் நாட்டு மாணவன் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எவ்வாறு இயற்பியல் கற்கிறான்? இக்கேள்விக்கு விடை தேடினால், நம் தமிழைப் பற்றியும் இயற்பியலைப் பற்றியும் பல செய்திகள் தெளிவாகும்.

சுவீடன்காரரின் சக்தி

சுவீடிஷ் மொழியில் 'கிராஃப்ட்' வரும் சில கூட்டுச் சொற்களைக் காண்போம். புவி நம்மைக் கீழ்நோக்கி இழுக்கிறதே, அது 'திங்டுகிராஃப்ட்'. அருவி நீரைக் கொண்டு மின்சாரம் எடுப்பது 'வாட்டன்கிராஃப்ட்'. அணுவிலிருந்து எடுப்பது 'ஷேர்ன்கிராஃப்ட்'. குதிரையின் இழுப்பைக் கொண்டு எஞ்சினை அளக்கும் அலகு 'ஹெஸ்ட்கிராஃப்ட்'. ஒரு நாட்டில் உழைக்கும் மக்கள் தொகுதி 'ஆர்பேட்ஸ்கிராஃப்ட்'. மக்கள் கையிலுள்ள பணத்தால் பொருள் வாங்க முடிகிற அளவு 'ஷோப்கிராஃப்ட்'.

இவற்றை ஆங்கிலத்தில் சொல்ல ஓரிடத்தில் ஃபோர்ஸ், ஓரிடத்தில் பவர் என்று மாறி மாறிப் போட வேண்டியிருக்கிறது. இப்போது இவற்றையே அன்றாடத் தமிழில் சொல்லிப் பாருங்கள். புவியீர்ப்பு சக்தி, நீர் சக்தி, அணுசக்தி, குதிரை சக்தி, மனித சக்தி, வாங்கும் சக்தி! ஆறு சொற்களிலும் 'கிராஃப்ட்' நின்ற இடத்தில் 'சக்தி' வந்து பொருந்திவிட்டது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் "உடம்பில் சக்தியே இல்லை" என்கிறாரே, அந்த இடத்திலும் சுவீடன்காரர் இதே சொல்லைத்தான் பன்மையில் கூறுவார்.

ஆகவே 'கிராஃப்ட்' என்பதற்கு மிக நெருங்கிய சொல் ஆங்கிலத்தைவிடத் தமிழில்தான் இருக்கிறது எனலாம். எதையேனும் செய்து முடிக்க வல்ல ஒன்று, அது என்னவாயினும், 'சக்தி'தான். பேச்சுக்கு இது போதும். சமையற்கட்டிலும் கடைத்தெருவிலும் யாருக்கும் இதனால் இடையூறு இல்லை. ஆனால் கணக்குப் போட உட்கார்ந்தால் இந்த ஒரு சொல் போதாது. ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்ப்போம்.

ஒரு மீன் கூடை, நான்கு கேள்விகள்

சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போனால், ஐஸ் போட்ட மீன் கூடைகள் இறங்குவதையும் ஏறுவதையும் காணலாம். ஒரு கூடை 20 கிலோகிராம் நிறை உடையது என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி ஒருவர் அதைத் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்துக்குத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறார். "அவருக்கு நல்ல சக்தி" என்கிறோம். இயற்பியல் அந்த இடத்தில் நான்கு வெவ்வேறு கேள்விகளைக் கேட்கிறது.

முதல் கேள்வி: கூடையை எவ்வளவு அழுத்தமாக மேலே தள்ள வேண்டும்? நிறையைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்க வேண்டும். 20 × 9.8 = 196 நியூட்டன். கணக்கு எளிதாக 200 நியூட்டன் என்று கொள்வோம். இது விசை. கூடையை ஒரு மீட்டர் தூக்கினாலும், ஐந்து மீட்டர் தூக்கினாலும், தூக்காமல் வெறுமே தாங்கிக்கொண்டு நின்றாலும் இந்த விசை வேண்டும்.

இரண்டாம் கேள்வி: தூக்கி முடிப்பதற்குள் மொத்தம் எவ்வளவு செலவாயிற்று? விசையை, அதன் திசையில் நகர்ந்த தொலைவால் பெருக்க வேண்டும். 200 × 1.5 = 300 ஜூல். இது வேலை. இவ்வளவு ஆற்றல் தொழிலாளியின் உடலிலிருந்து கூடைக்கு மாறியிருக்கிறது. உயரத்தில் இருக்கும் கூடை அதை நிலை ஆற்றலாக வைத்திருக்கிறது. கை தவறிக் கீழே விழுந்தால் அந்த 300 ஜூலும் இயக்க ஆற்றலாக வெளிப்படும்.

மூன்றாம் கேள்வி: எவ்வளவு விரைவில் தூக்கினார்? 3 நொடியில் தூக்கினால் நொடிக்கு 100 ஜூல், அதாவது 100 வாட். 2 நொடியில் தூக்கினால் 150 வாட். இது திறன். இரண்டு முறையும் செலவான ஆற்றல் ஒன்றே. திறன் மட்டும் வேறு.

நான்காம் கேள்வி: கூடையின் கைப்பிடிக் கயிறு எதுவரை தாங்கும்? இது வலிமை. முதல் மூன்றும் நிகழ்ச்சியைப் பற்றியவை. இது பொருளைப் பற்றியது. கயிற்றின் மேல் கூடை தொங்கினாலும் தொங்காவிட்டாலும் அதன் வலிமை அதனிடம் இருக்கிறது. மென்மையான எஃகுக் கம்பி சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 400 நியூட்டன் வரை அறுந்து போகாமல் தாங்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள கம்பியில் நம் மீன் கூடைகள் இரண்டைத் தொங்கவிடலாம் என்பது இதன் பொருள். அதற்கு மேல் ஒரு கூடை கூடினால் அறுந்துவிடும்.

இப்போது ஒரு சிக்கலை விடுவிக்கலாம். தலையில் கூடையுடன் ஒருவர் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிறார். அவர் கூடைக்குச் செய்த வேலை எவ்வளவு? விடை: சுழி. கூடை நகரவில்லையே! "பிறகு ஏன் களைப்பு?" என்று கேட்பீர்கள். உடல் நேராக நிற்கவும் சுமையைத் தாங்கவும், தசை நார்கள் ஓயாமல் சுருங்கியும் தளர்ந்தும் கொண்டிருக்க வேண்டும். அதற்கு உணவிலிருந்து கிடைத்த ஆற்றல் செலவாகி வெப்பமாகிறது. அந்த ஆற்றல் கூடைக்குப் போகவில்லை. 'சக்தி செலவாயிற்று' என்ற ஒரே வாக்கியத்தில் விசையையும் வேலையையும் போட்டுக் கட்டியதால்தான் இந்தச் சிக்கல் தோன்றியது. அவற்றைப் பிரித்தவுடன் மறைந்துவிட்டது.

பேரறிஞர்களையும் மயக்கிய சொல்

இத்தகைய மயக்கம் மாணவர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணி வருந்த வேண்டாம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் உலகின் தலைசிறந்த அறிஞர்களையே இது ஆட்டி வைத்தது.

1842-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் மேயர், வெப்பமும் இயக்கமும் ஒன்று மற்றொன்றாக மாறக் கூடியவை என்று ஒரு கட்டுரை எழுதினார். மாறுகின்ற அந்த ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் 'கிராஃப்ட்'. 1847-ஆம் ஆண்டு ஜூலை மாதம், 26 வயதுகூட நிரம்பாத ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பெர்லின் இயற்பியல் கழகத்தில் புகழ்பெற்ற ஓர் உரையைப் படித்தார். இன்று நாம் ஆற்றல் அழிவின்மை விதி என்று கற்பதன் அடிப்படை அதில் இருக்கிறது. ஆனால் அவரும் தலைப்பில் ஆண்ட சொல் 'கிராஃப்ட்'தான். இயக்க ஆற்றலுக்கு 'உயிருள்ள கிராஃப்ட்' என்றும், நிலை ஆற்றலுக்கு 'இழுவிசைக் கிராஃப்ட்' என்ற பொருள்படும் ஒரு தொடரையும் வழங்கினார்.

1853-ஆம் ஆண்டில் ஜான் டிண்டால் அவ்வுரையை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 'கிராஃப்ட்' என்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல் ஃபோர்ஸ். அதனால் தலைப்பு 'விசை அழிவின்மை' என்று ஆயிற்று! விசை அழிவற்றதா? ஒரு பந்தை உதைத்துவிட்டுக் காலை எடுத்தவுடன் உதைத்த விசை மறைந்துவிடுகிறது. அது வேறெங்கும் போய்ச் சேமிக்கப்படுவதில்லை.

இந்தக் குழப்பத்தில் சிக்கியவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? மின்காந்தத் தூண்டலைக் கண்ட மைக்கேல் ஃபாரடே. 1857-ஆம் ஆண்டில் அவர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆற்றிய உரையில் ஓர் ஐயத்தை எழுப்பினார். இரு பொருள்களுக்கு இடைப்பட்ட தொலைவு இரு மடங்கானால் ஈர்ப்பு விசை நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. மீதி முக்கால் பங்கு எங்கே போயிற்று? விசை அழியாதென்றால் அது எங்காவது இருக்க வேண்டுமே! நியூட்டனின் ஈர்ப்பு விதி முழுமையாகச் சொல்லப்படவில்லை என்றே அவருக்குப் பட்டது.

இன்று ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் இதற்கு விடை கூறிவிடுவார். அழியாமல் இருப்பது ஆற்றல். விசை குறையலாம், கூடலாம், இல்லாமலும் போகலாம். பொருள்களைப் பிரிக்கச் செய்த வேலை நிலை ஆற்றலாக இருக்கிறது. ஃபாரடேயைவிட அந்த மாணவர் அறிவாளி என்பதா? இல்லை. ஃபாரடேக்கு அந்தக் காலத்தில் கிடைக்காத ஒரு வசதி மாணவருக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு கருத்துகளுக்கு இரண்டு சொற்கள் என்பதே அந்த வசதி. எனர்ஜி என்ற சொல்லை இயற்பியலில் தாமஸ் யங் 1807-ஆம் ஆண்டிலேயே கையாண்டிருந்தார். ஆயினும் வில்லியம் தாம்சன், ராங்கின் முதலானோர் 1850-களில் எடுத்து வழங்கிய பிறகே அது நிலைபெற்றது. நிலை ஆற்றலுக்கு உரிய ஆங்கிலத் தொடரை ராங்கின் உருவாக்கியது 1853-இல். அதாவது டிண்டாலின் மொழிபெயர்ப்பு வெளிவந்த அதே ஆண்டு!

சுவீடனிலும் பிற்காலத்தில் இந்தப் பிரிவினையைச் செய்துகொண்டார்கள். இன்று அந்நாட்டுப் பள்ளிகளில் 'கிராஃப்ட்' என்றால் இயற்பியலில் விசை மட்டுமே. ஆற்றலுக்கு 'எனர்ஷி'. திறனுக்கு 'எஃபெக்ட்'. பொருள்களின் வலிமைக்கு வேறொரு சொல். ஆனால் தெருவில் நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் குதிரைத்திறனும் இன்னும் 'கிராஃப்ட்' என்ற பழைய பெயரோடுதான் உலவுகின்றன. குதிரைத்திறன் அங்கே சொல்லால் விசை, அலகால் திறன்!

நம் தெருவில் உலவும் சொற்கள்

தமிழிலும் இதே கதைதான். 1916-ஆம் ஆண்டில் சேலத்தில் இராஜாஜியும் அவருடைய நண்பர்களும் விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, ஓர் இதழும் நடத்தினார்கள். அதன் பின்னர் பல குழுக்கள், பல ஆசிரியர்கள் உழைத்ததன் பயனாக விசை, ஆற்றல், திறன், வலிமை என்ற நான்கும் நம் பாடநூல்களில் தத்தம் இடத்தில் அமர்ந்துள்ளன. 'புவியீர்ப்பு சக்தி' புவியீர்ப்பு விசை ஆயிற்று. 'குதிரை சக்தி' குதிரைத்திறன் ஆயிற்று.

ஆனால் பாடநூல் வகுத்த கோட்டுக்குள் தெரு நிற்பதில்லை. மீண்டும் சிந்தாதிரிப்பேட்டைக்கே வருவோம். இந்தப் பேட்டை 1734-ஆம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் சென்னையின் கவர்னராக இருந்தபோது, நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காகக் கூவம் ஆற்றின் கரையில் உருவாக்கப்பட்டது. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே திரிந்து இப்பெயர் ஆயிற்று என்று கூறுவாரும் உண்டு. அன்றைய தறி கைத்தறி. பின்னாளில் மின்சாரத்தால் ஓடும் தறி வந்தது. அதற்கு நாம் வைத்த பெயர் விசைத்தறி. எஞ்சின் வைத்த மீன்பிடி படகு விசைப்படகு. இங்கே 'விசை' என்பது நியூட்டனில் அளக்கும் விசையா? கைத்தறியிலும் நெசவாளி கையாலும் காலாலும் விசை செலுத்துகிறாரே! இங்கே சொல்ல வந்தது இயந்திரத்தின் ஓட்டம். ஆங்கிலத்தில் இவ்விடத்தில் பவர் என்ற சொல் நிற்கிறது. ஆகவே விசைத்தறியைத் திருத்தித் 'திறன்தறி' ஆக்க வேண்டும் என்று கிளம்ப வேண்டாம். அது வழக்கில் ஊன்றிய நல்ல சொல். தெருவில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள், தேர்வுத் தாளில் என்ன பொருள் என்று அறிந்து வைத்துக்கொண்டால் போதும்.

குதிரைத்திறனைப் பற்றியும் ஒரு சொல். நீராவி எஞ்சின் விற்க வந்த ஜேம்ஸ் வாட், "இந்த எஞ்சின் எத்தனை குதிரைகளுக்குச் சமம்?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்காக ஏற்படுத்திய அளவு இது. நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று அவர் வகுத்தார். அது சுமார் 746 வாட். சுவீடன் முதலிய ஐரோப்பிய நாடுகளின் மெட்ரிக் குதிரைத்திறன் இதைவிடச் சற்றுக் குறைவு, சுமார் 735.5 வாட். கார் விளம்பரங்களில் ஒரே எஞ்சினுக்கு இரண்டு எண்களைக் காண நேர்வதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

1830-களில் சென்னையில் சாலைக்கான கல்லை ஏற்றிவர இருப்புப் பாதை உதவுமா என்று பார்க்க, சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தின் அருகே சோதனைப் பாதை ஒன்று போட்டார்கள். இருப்புப் பாதையில் ஒரு குதிரை ஏன் சாலையில் இழுப்பதைவிடப் பல மடங்கு சுமையை இழுக்கிறது? குதிரையின் திறன் கூடிவிடவில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது தடை குறைவு. ஆகவே தேவைப்படும் விசை குறைகிறது. விசையையும் திறனையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கே இந்த விளக்கம் பிடிபடும்.

இலங்கையில் தமிழில் இயற்பியல் கற்கும் மாணவரைச் சந்தித்தால் இன்னொரு புதுமையைக் காண்பீர்கள். விசை அவருக்கும் விசைதான். ஆனால் நாம் ஆற்றல் என்பதை அவர் சக்தி என்பார். நாம் திறன் என்பதை வலு என்பார். "வலு எத்தனை வாட்?" என்று அவர் கேட்டால் திகைக்க வேண்டாம். வாட் என்ற அலகைக் கேட்டவுடனே அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது விளங்கிவிடும். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சுவீடனிலும் ஜூல் ஜூல்தான், வாட் வாட்தான்.

பெயரை நம்பாதே, அலகைக் கேள்

இந்தக் கடைசிச் செய்தி மிக முக்கியமானது. ஏனெனில் பாடநூலுக்குள்ளேயே சில பழைய பெயர்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. 'மின்னியக்கு விசை' என்று படிக்கிறீர்கள். அதன் அலகு என்ன? வோல்ட், அதாவது கூலும் ஒன்றுக்கு இத்தனை ஜூல். நியூட்டனே அதில் இல்லை. ஆகவே அது விசையே அல்ல. விசையையும் ஆற்றலையும் அறிஞர்கள் பிரிக்காதிருந்த காலத்தில் வைத்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'லென்சின் திறன்' என்பதன் அலகு டயாப்டர். வாட் அன்று. மூக்குக் கண்ணாடிக்கு மின்சாரம் தேவையில்லையே!

வேதியியலிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு. வலிமை மிகு அமிலம் வேறு, அடர் அமிலம் வேறு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எவ்வளவு நீர் சேர்த்து நீர்த்தாலும் அது வலிமை மிகு அமிலமே. ஏனெனில் அதன் மூலக்கூறுகள் ஏறத்தாழ முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிடுகின்றன. நீர் சேர்க்காத அசெட்டிக் அமிலம் அடர்த்தியானது. ஆயினும் வலிமை குறைந்த அமிலம். காப்பி 'ஸ்ட்ராங்' ஆக வேண்டும் என்கிறோமே, அது அடர்வைப் பற்றிய பேச்சு.

வீட்டிலும் ஒரு பயன் உண்டு. மின் கட்டண அட்டையில் 'யூனிட்' என்றிருப்பது ஆற்றலின் அளவு. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 1,000 × 3,600 = 36,00,000 ஜூல். நம் மீன் கூடைக் கணக்கில் இது 12,000 கூடைகளைத் தலைக்குத் தூக்கும் வேலை! 'இத்தனை வாட்' என்று கருவியின் மேல் எழுதியிருப்பது திறன். கட்டணம் யூனிட்டைப் பொறுத்தது. ஆகவே குறைந்த வாட் விளக்கை இரவு பகலாக எரிய விட்டுவிட்டு, "சின்ன விளக்குதானே" என்று சொல்லக் கூடாது. மறுபுறம், வீட்டுக் கம்பிகளைச் சூடாக்குவது ஒரே சமயத்தில் ஓடும் கருவிகளின் மொத்தத் திறன். ஒரே பிளக்கில் இஸ்திரிப் பெட்டி, நீர் சூடாக்கி, மின் அடுப்பு மூன்றையும் மாட்டினால், கம்பி தாங்கும் அளவைக் கடந்த மின்னோட்டம் பாய்ந்து தீப்பிடிக்கக் கூடும். ஐந்து நிமிடம்தான் என்றாலும் ஆபத்துதான். யூனிட் குறைவாக ஓடியது என்பது அங்கே காப்பாற்றாது. சொல் மயக்கம் உயிருக்கே இடராகும் இடம் இது.

பழுப்புத் தாளின் வலிமை

இனி நம் நோட்டு அட்டைக்குத் திரும்புவோம். அந்தத் தாளுக்கு வலிமை எங்கிருந்து வந்தது?

மரத்தில் செல்லுலோஸ் இழைகள் உள்ளன. அவற்றை லிக்னின் என்ற பொருள் பசை போலப் பிணைத்திருக்கிறது. செய்தித்தாள் செய்யப் பெரும்பாலும் மரத்தை இயந்திரத்தால் அரைத்துக் கூழாக்குவார்கள். அதில் இழைகள் பல முறிந்துவிடும். லிக்னினும் தங்கிவிடும். வெயிலில் போட்ட செய்தித்தாள் மஞ்சளாவது அந்த லிக்னினால்தான். 1879-ஆம் ஆண்டில் கார்ல் டால் என்பவர் அன்றைய ஜெர்மனியின் டான்சிக் நகரில் வேறொரு முறையைக் கண்டார். மரச் சிராய்களைச் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில், மூடிய கலத்தில், சுமார் 170 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேகவைத்தார். லிக்னின் பெரும்பகுதி கரைந்து போய்விட, நீண்ட இழைகள் முறியாமல் மிஞ்சின. இதுவே கிராஃப்ட் முறை. பைன் மரங்கள் நிறைந்த சுவீடன் இம்முறையை விரைவில் ஏற்றுக்கொண்டது. பைன் மரத்தின் இழை சுமார் 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். யூகலிப்டஸ் இழை சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். நீண்ட இழைகள் அதிக இடங்களில் ஒன்றையொன்று தொடுகின்றன. தொடும் இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவற்றைக் கோத்து நிறுத்துகின்றன. எஞ்சிய சிறிது லிக்னின் பழுப்பு நிறத்தைத் தருகிறது.

நம் நாட்டில் கிடைக்கும் பழுப்புத் தாளில் பெரும்பகுதி பழைய அட்டைப் பெட்டிகளைக் கரைத்து மறுபடியும் செய்தது. ஒவ்வொரு முறை கரைக்கும்போதும் இழைகள் குறுகுவதால் வலிமையும் குறையும். அட்டைப் பெட்டி செய்வோர் இதை அளந்தே வாங்குகிறார்கள். '120 ஜி.எஸ்.எம்., 20 பி.எஃப்.' என்று அவர்கள் பேசுவதன் பொருள் இதுதான்: தாள் சதுர மீட்டருக்கு 120 கிராம் உள்ளது, வெடிப்புக் காரணி 20. இரண்டையும் பெருக்கினால் 2,400. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2,400 கிராம் எடையளவு அழுத்தம் வரும்போது அது கிழியும்.

நீங்களும் அளக்கலாம். பழுப்புத் தாளிலும் செய்தித்தாளிலும் ஒரு சென்டிமீட்டர் அகல நாடாக்களை வெட்டுங்கள். ஒரு முனையை ஒரு பென்சிலில் பல சுற்றுச் சுற்றி ஒட்டி, பென்சிலை இரண்டு நாற்காலிகளுக்கு இடையே வையுங்கள். மறு முனையையும் அவ்வாறே ஒரு பென்சிலில் ஒட்டி, அதில் ஒரு சிறு வாளியைத் தொங்கவிடுங்கள். வாளி தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் போதும். கால் விரல்களை அப்பால் வைத்துக்கொள்ளுங்கள். நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். நாடா அறுந்ததும் வாளியையும் நீரையும் சேர்த்து எடை பாருங்கள். கிலோகிராமை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டனில் விசை கிடைக்கும். அதுவே ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கான வலிமை.

பின்பு இரண்டு சென்டிமீட்டர் அகல நாடாவில் செய்யுங்கள். அறுக்கத் தேவையான விசை ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனால் சென்டிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற எண் பெரிதும் மாறாது. விசைக்கும் வலிமைக்கும் உள்ள வேறுபாடு உங்கள் கண்முன் நிற்கும். அதே தாளைக் குறுக்கு வாட்டில் வெட்டியும் பாருங்கள். ஆலையில் தாள் ஓடிய திசையில் இழைகள் படிந்திருப்பதால் ஒரு வாட்டில் வலிமை கூடுதலாக இருக்கும். கடைசியாக ஒரு நாடாவை நீரில் நனைத்துப் பாருங்கள். நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு இடையே புகுந்து ஹைட்ரஜன் பிணைப்புகளைப் பறித்துவிடுவதால் என்ன ஆகிறது என்பதை நீங்களே காண்பீர்கள்.

தமிழில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் பலர், "எங்களுக்கு ஆங்கிலச் சொற்கள் தெரியாது, ஐயா" என்று தயங்குவதுண்டு. அவர்களிடம் நான் சொல்வது இதுதான். ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆங்கிலத்தில் எழுதவில்லை. ஒரு சொல்லுக்குள் நான்கு பொருள்கள் இருந்த மொழியில்தான் அவர் இயற்கையின் மாபெரும் விதி ஒன்றை எழுதிக் காட்டினார். உங்களிடம் நான்கு பொருள்களுக்கு நான்கு நல்ல தமிழ்ச் சொற்கள் உள்ளன. அவற்றின் பின்னால் உள்ள கருத்தை அறிந்தவர்களுக்கு ஆங்கிலப் பெயரைக் கற்க ஒரு மாலைப் பொழுது போதும். கருத்தை அறியாமல் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் எந்த மொழியிலும் இடறுவார்கள்.

முடிப்பதற்கு முன் உங்களுக்கு மூன்று கேள்விகள். விடைகளை நோட்டில் எழுதிப் பாருங்கள்.

1. ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் (5 கிராம்) சுமார் 84,000 ஜூல் உணவாற்றல் உள்ளது. அதில் ஐந்தில் ஒரு பங்கே தசையின் வேலையாக மாறுகிறது என்று கொண்டால், எத்தனை மீன் கூடைகளைத் தூக்கலாம்?

2. ஒரு குதிரைத்திறன் மோட்டார், 20 கிலோகிராம் கூடைகளை 1.5 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறது. ஆற்றல் வீணாகவில்லை என்று கொண்டால், ஒரு நிமிடத்தில் எத்தனை கூடைகளை ஏற்றும்?

3. 'மன வலிமை', 'பேச்சாற்றல்', 'செயல்திறன்' என்கிறோம். இவற்றுள் எதற்காவது அலகு உண்டா?

முதலிரண்டு கேள்விகளின் விடைகள்: 56 கூடைகள், சுமார் 149 கூடைகள். மூன்றாவதில் ஒன்றுக்கு மட்டும் ஒரு குறிப்புத் தருகிறேன். இயந்திரத்தின் செயல்திறனைச் சதவீதத்தில் கூறுகிறோம். ஆற்றலை ஆற்றலால் வகுக்கும்போது அலகு என்னவாகும் என்று யோசியுங்கள்.